பழைய லேப்டாப்பில் அகலத் திரை: எந்த போர்ட்டில் சொருகுவது?

2016-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி460-இல் படத்தை வெளியே அனுப்ப இரண்டு போர்ட்கள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த எச்டிஎம்ஐ. இன்னொன்று எதற்கென்று தெரியாமலே பலர் தூசி படிய விட்டிருக்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட். 34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டருக்குக் கொட்டிய காசு உருப்படுமா என்பதை இந்த இரண்டில் எதில் சொருகுகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது. பிராசசர் பழசு, ரேம் போதாது என்கிற கவலையெல்லாம் அதற்கு அப்புறம்.

தாராபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அல்ட்ராவைடு எதற்கு என்று கேட்பவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனி ஆர்டர் ஷீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ஸ்டைலுக்கு ஏழெட்டு கலர், கலருக்குக் கலர் எக்ஸ்எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை சைஸ், பிறகு துணி எத்தனை கிலோ, டையிங், பிரிண்டிங், தையல், பேக்கிங் என்று எக்செல் வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். திருப்பூர் யூனிட்களுக்கு இந்த காஸ்டிங் வேலையைத்தான் வீட்டிலிருந்து செய்கிறேன். 14 அங்குலத் திரையில் ரேட்டைப் பார்க்கும்போது சைஸ் தெரியாது. சைஸைப் பார்க்கும்போது ரேட் ஓடிப்போயிருக்கும்.

பெரிய ஐடி கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்கள் செகண்ட்ஸில் நம் ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. என் டி460-உம் அப்படி வந்ததுதான். ஆறாம் தலைமுறை ஐ5-6300யூ, இரண்டே கோர், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, இன்டெலின் எச்டி 520 மட்டும். கீபோர்டு மட்டும் இன்றைக்குக் கடையில் இருக்கும் புது லேப்டாப்களில் பாதியைத் தோற்கடிக்கும். அதற்காகவே மாற்ற மனசு வரவில்லை.

இதோடு சேர்த்தது எல்ஜியின் 34டபிள்யூஎன்80சி. லேசாக வளைந்த ஐபிஎஸ் திரை, 3440×1440 பிக்சல், 60 ஹெர்ட்ஸ். சாதாரண ஃபுல் எச்டி திரையில் 20.7 லட்சம் பிக்சல் என்றால் இதில் 49.5 லட்சம்.

முதலில் எச்டிஎம்ஐ. படம் வந்தது, முழு ரெசல்யூஷனும் வந்தது, ஆனால் 30 ஹெர்ட்ஸில். கை நகர்ந்த பிறகுதான் மவுஸ் அம்பு கிளம்புகிறது. ஷீட்டை உருட்டினால் எழுத்து துள்ளுகிறது. 60 வேண்டுமென்றால் 2560×1080-க்கு இறங்க வேண்டும், இறங்கினால் எழுத்து மங்கல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "அண்ணா, இது டூ பாயின்ட் ஓ கேபிளுங்க, ஃபோர்கே-யே வருமுங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் தம்பி. கேபிளைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தடை இருப்பது லேப்டாப்புக்குள்ளே. எந்தக் கேபிளும் அதைத் திறக்காது.

கணக்கு எளிது. திரையின் அகலம் 3440 பிக்சல். வரிக்கு வரி விடும் இடைவெளியைச் சேர்த்தால் 3600. உயரம் 1440, இடைவெளியோடு 1481. இரண்டையும் பெருக்கி, நொடிக்கு 60 முறை என்று வைத்தால் கிட்டத்தட்ட 32 கோடி பிக்சல். இந்த இன்டெல் சிப்பின் எச்டிஎம்ஐ நொடிக்கு 30 கோடிக்கு மேல் தள்ளாது. இதில் எரிச்சல் என்னவென்றால், 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விதிப்படியே 34 கோடி வரை போகலாம். நமக்கு அது போதும். சிப் செய்தவர்கள் அதற்கு முன்னாலேயே கோடு போட்டுவிட்டார்கள். எச்டிஎம்ஐ 2.0 என்ற விதி 2013-லேயே வந்தும், 2016-இல் விற்ற இந்த லேப்டாப்பில் இருப்பது பழைய 1.4-தான்.

எச்டிஎம்ஐ தவிர வேறு போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. இன்டெல் கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் கஸ்டம் ரெசல்யூஷன் என்ற இடத்தில் 3440×1440, 50 ஹெர்ட்ஸ் என்று கொடுத்துப் பாருங்கள். அப்போது தேவை 26.5 கோடிதான், வரம்புக்குள் அடங்கும். போட்டுப் பார்த்தேன், வந்தது. 50-க்கும் 60-க்கும் எக்செலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் டிரைவர் அப்டேட் ஆகும்போது இந்த செட்டிங் காணாமல் போகலாம் என்பதை மனதில் வையுங்கள்.

சரியான வழி மினி டிஸ்ப்ளேபோர்ட். இதில் இருப்பது 2010-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2, நொடிக்கு 17.28 கிகாபிட் தகவல் போகும். நம் திரைக்குத் தேவை சுமார் 7.7 கிகாபிட், பாதிகூட இல்லை. சொருகியதும் எந்த செட்டிங்கும் தொடாமல் 60 ஹெர்ட்ஸ் வந்தது.

கேபிள் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். லேப்டாப் பக்கம் மினி, மானிட்டர் பக்கம் பெரிய டிஸ்ப்ளேபோர்ட், இரண்டு முனையும் டிஸ்ப்ளேபோர்ட்டாகவே இருக்க வேண்டும். "மினி டிபி டு எச்டிஎம்ஐ" என்று ஒரு மலிவுக் கேபிளைக் கையில் திணிப்பார்கள். அதற்குள்ளும் ஓடப்போவது எச்டிஎம்ஐ சிக்னல்தான், அதே வரம்புதான். மானிட்டரில் இருக்கும் யூஎஸ்பி-சி, ஒரே கேபிளில் படமும் 60 வாட் சார்ஜும் தரும் அருமையான வசதி. டி460-இல் யூஎஸ்பி-சியே இல்லை. அடுத்த லேப்டாப் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

யூஎஸ்பி 3.0 வழியாகப் படம் தரும் டிஸ்ப்ளேலிங்க் டாக் பற்றியும் கேட்கிறார்கள். அது படத்தை பிராசசரை வைத்தே சுருக்கி அனுப்புகிறது. இரண்டு கோர் வைத்திருக்கும் மிஷினுக்கு அந்தச் சுமை தேவையில்லை. வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும்.

அகலத் திரை போட்டால் லேப்டாப் மெதுவாகிவிடுமா? எச்டி 520-க்கு சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இந்தத் திரையை நொடிக்கு 60 முறை வரைவதற்கே நொடிக்கு சுமார் 1.2 ஜிபி தகவலை ரேமிலிருந்து படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றை டிடிஆர்3எல்-1600 குச்சி அதிகபட்சம் நொடிக்கு 12.8 ஜிபி கொடுக்கும். இரண்டாவது குச்சி போட்டால் அது இரட்டிப்பு. டி460-இல் இரண்டு ஸ்லாட் உண்டு. செகண்ட்ஸில் வரும்போது பெரும்பாலும் ஒன்று காலியாகத்தான் இருக்கும். கேபிளுக்கு அடுத்து காசு போட வேண்டிய இடம் இதுதான். போட்ட பிறகு விண்டோக்களை இழுக்கும்போது இருந்த திக்கல் நின்றது.

யூடியூபில் மட்டும் வயது தெரிந்துவிடுகிறது. 1440பி வைத்தால் விபி9 என்ற கோடெக்கில் வருகிறது. அதை முழுவதுமாக ஹார்டுவேரிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஃபேன் அலறும். 1080பி-யில், எச்.264-ஐ மட்டும் கேட்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டுக்கொண்டால் அமைதி. இத்தனை பெரிய திரையில் 1080பி பார்ப்பதா என்று கேட்டால், இது வேலைக்கு வாங்கியது என்பதுதான் பதில்.

அங்குலத்துக்கு 110 பிக்சல் என்பதால் ஸ்கேலிங் 100 சதவீதத்திலேயே தமிழ் எழுத்து தெளிவாக இருக்கிறது. கொம்பும் புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. லேப்டாப் திரையில் 125 சதவீதம் வைத்திருப்பதால், விண்டோவை அங்கிருந்து இங்கே இழுக்கும்போது அளவு குதிக்கிறது. சீக்கிரம் பழகிவிடும். மேசைதான் பிரச்சினை. திரை மட்டுமே சுமார் 80 செ.மீ அகலம், ஸ்டாண்டும் ஆழமாக இடம் கேட்கிறது. பில் புக் வைக்கும் குட்டி மேசைக்கு ஆகாது. இடமோ டிஸ்ப்ளேபோர்ட்டோ இல்லாதவர்களுக்கு 29 அங்குல 2560×1080 போதும். 2012-இல் எல்ஜி அல்ட்ராவைடை ஆரம்பித்ததே இந்த அளவில்தான். அதற்குத் தேவை 18 கோடி பிக்சல்தான். பழைய எச்டிஎம்ஐயிலேயே 60 ஹெர்ட்ஸ் வரும்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டி460-இல் உள்ளே ஒரு பேட்டரி, கழற்றக்கூடியது ஒன்று என இரண்டு இருப்பதால் லேப்டாப் அசையாது. மானிட்டர் அணைந்துவிடும். அணைந்த நொடியில் திறந்திருந்த விண்டோ எல்லாம் சின்னத் திரைக்குத் தாவி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. கரன்ட் திரும்பினாலும் பழைய இடத்துக்குப் போவதில்லை. விண்டோஸ் 11-இல் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் இன்டெல் பிராசசர்களுக்கு, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ஐத் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மானிட்டர் ப்ளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியிருக்கிறேன். விண்டோக்கள் தாவுவது நின்றது. லினக்ஸுக்கு மாறலாமா என்பது, என் கணக்கு மென்பொருளான டேலி அதில் ஓடுமா என்பதைப் பொறுத்தது.