தூய, சுத்த, தனி

நம் பத்திரிகைகளின் மதிப்புரைகளில் ஒரு பாராட்டு அடிக்கடி தட்டுப்படுகிறது: 'தூய கவிதை'. கோஷமில்லாதது, கதை சொல்லாதது, பிரச்சாரமற்றது என்று பொருள் கொள்ள வேண்டும் போலும். என்னென்ன இல்லை என்று சொல்லியாயிற்று. என்ன இருக்கிறது என்று சொல்லக் காணோம். இது பாராட்டுகிறவர்களின் சோம்பல் மட்டுமல்ல. அந்தச் சொல்லின் சுபாவமே அப்படி என்பது என் சந்தேகம்.

'சுத்தம்' அப்படியில்லை. வடமொழியிலிருந்து வந்த சொல்தான். ஆனால் தெருவில் புழங்கிப் புழங்கி அதற்குக் கை கால் முளைத்திருக்கிறது. சுத்தமாக மறந்துவிட்டேன் என்கிறோம். சுத்தப் பொய் என்கிறோம். கை சுத்தம் என்று ஒருவருக்கு நற்சான்று தருகிறோம். காரியம் அடியோடு கெட்டுப்போன இடத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒருவன் 'சுத்தம்!' என்கிறானே, அந்தக் கிண்டல் தூய்மைக்கு ஏழு ஜன்மத்திலும் வராது. தமிழ்ச் சொல் மேடையிலும் பெயர்ப்பலகையிலும் உட்கார்ந்துவிட்டது. வெளியிலிருந்து வந்தது வீட்டு வேலை முழுவதையும் பார்க்கிறது.

சுத்தம் என்றால் 'எதற்கு?' என்று கேட்கலாம், பதில் கிடைக்கும். இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் தெரிந்தவரிடம் நல்ல களி எது என்று கேட்டால், இரும்பு குறைந்தது என்பார். இரும்பு இருந்தால் சூளையில் வெள்ளை பழுப்பாகிவிடும். காந்தம் வைத்து அதை எடுக்கிறார்கள். தூய்மைவாதி இத்தோடு திருப்தியாகி வீட்டுக்குப் போய்விடுவான். ஆனால் அந்தச் சுத்தமான சீனக்களியை மட்டும் வனைந்து 1200 டிகிரியில் சுட்டாலும் அது தண்ணீரை உறிஞ்சும், இறுகாது. பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர வேண்டும். பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்ற இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. வெள்ளை வெளேரென்று நாம் பார்ப்பது ஒரு கலவை. பீங்கான் என்ற பெயரே பாரசீகத்துச் சரக்கு. இதே கலவையில் பொம்மையும் செய்யலாம், கழிவறைக் கோப்பையும் செய்யலாம். (வங்கிக் கவுண்டரில் நாங்களும் தினமும் நோட்டுகளை நல்லது, அழுக்கு என்று பிரித்துக் கட்டுகிறோம். அழுக்கு நோட்டின் மதிப்பு ஒரு காசு குறைவதில்லை.)

கழிவறை என்றதும் இன்னொன்று. 2020இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. மரியாதைக்காகச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறளில், நல்குரவு அதிகாரத்தில், துப்புரவு என்றால் ஒருவன் உண்டு துய்ப்பதற்கு வைத்திருக்கும் பொருள். சோற்றைச் சொன்ன சொல் குப்பைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. அதற்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுமுட்டிச் சாகிற செய்தி நிற்கவில்லை. தூய்மை என்ற பெயரைச் சுமப்பவர்தான் அழுக்கைத் தொட வேண்டியிருக்கிறது. தொடாதவருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. தீண்டு என்றால் தொடு, அவ்வளவுதான். அதிலிருந்து பிறந்தது தீட்டு. தூய்மைக்கும் மாதவிலக்கைக் குறிக்கும் தூமைக்கும் இடையே ஒரு யகர மெய். அந்தத் தூமையில் உருவானதுதானே உங்கள் உடம்பும் என்ற பொருளில் சிவவாக்கியர் ஆசாரக்காரர்களைக் கேட்டார். இன்னும் யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

மறைமலையடிகள் விஷயத்துக்கு வருகிறேன். வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை ஆக்கினார்; தம் 'ஞானசாகர'த்தை 'அறிவுக்கடல்' ஆக்கினார். எங்கள் ஊருக்கு நேர் எதிரான வைத்தியம் நடந்திருக்கிறது. தேவாரத்தில் இது முதுகுன்றம். முதுமை விருத்தமாகி, குன்று அசலமாகி, விருத்தாசலமாயிற்று. ஓரிடத்தில் அசலம் ஏறியது, ஓரிடத்தில் இறங்கியது. 1916இல் தொடங்கிய அந்த இயக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 'தூய தமிழ்' என்று பொருள்படும்படி பெயர்த்து வைத்திருக்கிறார்கள். தமிழில் அதன் பெயர் தனித்தமிழ். 'தனி' நேர்மையான சொல் என்று எனக்குப் படுகிறது. நான் விலகி நிற்கிறேன் என்கிறது. விலகி நிற்பதாலேயே உயர்ந்தவன் என்று சொல்லவில்லை. 'தூய' அதே விலகலைச் செய்துவிட்டு அதற்கு ஒளிவட்டமும் போட்டுக்கொள்கிறது.

அடிகளைக் கேலி செய்வது நம் வட்டத்தில் ஒரு பழக்கம். அக்கிராசனர் போய்த் தலைவர் வந்ததில் அந்த இயக்கத்துக்கும் பங்குண்டு என்பதை மறந்துவிடுகிறோம். மேலே 'சுபாவம்', 'சந்தேகம்' என்று எழுதியவன் நான். மாற்றிப் பார்த்தேன். 'இயல்பு' சரியாகவே உட்கார்ந்தது. 'ஐயம்' நான் நினைக்காத ஒன்றைச் சொன்னது. இதைச் சொல்லுக்குச் சொல் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். ஆனால் வடவெழுத்தைப் பொறுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், கவிதையிலிருந்து கருத்தை, கதையை, ஊரை, சாதியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போடுகிறோம். நமக்கு மட்டும் இது அழகியல்.

இந்த வார்த்தை பிரான்ஸில் அடிபட்ட காலத்தில் அதைப் பற்றி யோசித்த பால் வலேரியே தூய கவிதையை எட்ட முடியாத ஓர் எல்லை என்றுதான் கருதினார். கவிதை என்று கைக்குக் கிடைப்பது, அதன் துணுக்குகள் வேறு பொருளுக்குள் பதிந்து கிடப்பது. ஏறக்குறைய சூளைக்காரர் சொல்வது.

எங்கள் ஊரின் பெயரைத் தம் பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலம் எழுதுவதற்கு வைத்துக்கொண்ட பெயரில் புதுமை தமிழ், பித்தம் வடமொழி. அவர் கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். காப்பியைக் குடித்ததும் கடவுள் முகத்தில் தேவகளை வந்துவிடுகிறது. தம் லீலை என்று பெருமைப்படுகிறார். உம் லீலை இல்லை, ஹோட்டல்காரன் லீலை, சிக்கரி கலந்திருக்கிறான் என்று பிள்ளை விளக்க வேண்டியிருக்கிறது.