நைட்ரஸ் மீது பழி போடாதீர்கள்

1976 டேடோனா 500 கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஓட்டுநர்கள் ஏ.ஜே. ஃபாய்ட், டாரல் வால்ட்ரிப் ஆகியோரின் நேரங்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டன. காரில் நைட்ரஸ் ஆக்சைடு பயன்படுத்தியதுதான் குற்றச்சாட்டு. அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு விலக்கிவைத்த அதே வாயுவுக்கு அமெரிக்க டிராக் பந்தயத்தின் 'புரோ மாட்' பிரிவில் விதிப்படியே இடம் உண்டு. ஆனாலும் இதைச் சுற்றி உலவும் தவறான எண்ணங்களுக்குக் குறைவில்லை.

முதல் தவறு, இதை எரிபொருள் என்று நினைப்பது. நைட்ரஸ் தானாக எரியாது. என்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸில் 36 சதவீதம். கூடுதல் ஆக்சிஜன் கிடைப்பதால் கூடுதல் பெட்ரோலை எரிக்க முடிகிறது. சக்தி அந்தப் பெட்ரோலிலிருந்தே வருகிறது. டிராக் பந்தயத்தின் 'டாப் ஃபியூயல்' பிரிவுக் கார்கள் குடிக்கும் 'நைட்ரோ'வும் இதுவும் ஒன்றல்ல. அது நைட்ரோமீத்தேன் என்ற எரிபொருள்.

இரண்டாவது, நைட்ரஸ் என்ஜினைக் கொன்றுவிடும் என்ற பேச்சு. பழி வாயுவின் மேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் பெட்ரோல் பற்றாக்குறைதான். ஆக்சிஜன் கூடும்போது பெட்ரோலும் அதே அளவில் கூட வேண்டும். பம்ப் திணறினாலோ ஜெட் அளவு தவறினாலோ வெப்பம் எகிறி, பிஸ்டனின் விளிம்பு மெழுகாக வழிந்துவிடும். எரிதல் வேகமாவதால் இக்னிஷனையும் தாமதப்படுத்த வேண்டும். கூடும் ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் சுமார் 2 டிகிரி என்பது பட்டறைக் கணக்கு. அனுபவமுள்ள மெக்கானிக் ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போலப் புள்ளிகள் தெரிந்தால், அன்றைக்கு அடுத்த ஓட்டம் கிடையாது.

மூன்றாவது, நைட்ரஸ் சிலிண்டரைச் சூடாக்கச் சூடாக்க வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. 900 முதல் 1000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்திருப்பதே வழக்கம். அதற்காக முறையான ஹீட்டர் இருக்கிறது. தீச்சுடர் காட்டிச் சூடேற்றுபவர் வெடிகுண்டைக் கையில் வைத்திருக்கிறார்.

2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் நைட்ரஸை ஒரு பொத்தானாகவே ரசிகர்கள் மனதில் பதித்துவிட்டது. உண்மையில் அந்தச் சில விநாடி வேகத்துக்குப் பின்னால் பல மணி நேரக் கணக்கும் சோதனையும் இருக்கின்றன.

காரில் நைட்ரஸ் பொருத்த ஆசைப்படும் தம்பிகளே, சிலிண்டர் வாங்கும் முன் பெட்ரோல் பம்பைச் சோதியுங்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் ட்யூனிங்கை ஒப்படையுங்கள். பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள்; பொதுச் சாலையில் வேண்டவே வேண்டாம்.