ஊசி படாத தட்டுக்கு உயர்ந்த விலை

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து இந்தப் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் மரபு என்ற பேச்சுதான். அந்தப் பட்டியலில் உள்ள பன்னிரண்டு மராட்டியர் கோட்டைகளில் தமிழ்நாட்டுக்கு வாய்த்தது இது ஒன்றே, பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் இந்தச் சந்தடியில் பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களும் தாங்கள் மரபைக் காப்பதாக வாதிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் செய்த நன்மை உண்டு. கம்பெனிகளே தம் பழைய பதிவுகளை மறந்திருந்தபோது மூர் மார்க்கெட்டிலும் காயலான் கடைகளிலும் தேடிப் பொறுக்கியவர்கள் அவர்கள்தாம். 1899 முதல் 1908 வரையிலான இந்திய ஒலிப்பதிவுகளுக்கு மைக்கேல் கின்னியர் 1994இல் வெளியிட்ட விவரப்பட்டியல் சேகரிப்பாளர் உலகம் தந்த கொடை. பாராட்டு இத்தோடு போதும்.

என் பழைய வழக்கு அவர்கள் தரம் பிரிக்கும் முறையோடு. மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ் என்று படிப்படியாக இறங்கும் அந்த ஏணியின் உச்சியில் இருப்பது உறை பிரிக்காத, ஊசி படாத தட்டு. அதாவது யாருமே கேட்காத பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. கேட்கக் கேட்க விலை இறங்கும்.

செஞ்சி வட்டாரத்தில் இசைத்தட்டு யாரிடம் இருந்தது? கிராமபோன் வைத்திருந்த சில பணக்கார வீடுகளை விட்டால், ரேடியோ செட்டு வாடகைக்கு விட்டவர்களிடம்தான். கல்யாணம், காதுகுத்து, மேல்மலையனூர் அமாவாசை, மேலச்சேரி திரௌபதி அம்மன் திருவிழா எதுவானாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார்கள். விடியலில் சீர்காழி கோவிந்தராஜன், ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரி, இரவானால் திருவிளையாடல் கதைவசனம். ஜி. ராமநாதன் இசையமைத்த ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வந்தது. தேசிங்கு ஆண்ட செஞ்சியில் அந்தப் பாட்டுகள் ஓய்ந்திருக்குமா? ஒரே ஊசியில் பல பக்கம் ஓட்டினார்கள். வெயிலில் தட்டு வளைந்தது. மாறிப்போகாமலிருக்க லேபிளின்மேல் செட்டின் பெயரைப் பேனாவால் எழுதினார்கள். காசு கொடுத்துத் தட்டு வாங்க முடியாத ஊர்கள் சினிமாப் பாட்டைக் கேட்டது இப்படித்தான்.

சேகரிப்பாளர் கணக்கில் இந்தத் தட்டுகள் குப்பை. பேனா எழுத்து ஒரு குறை, தேய்மானம் ஒரு குறை, உறை இல்லாதது பெருங்குறை. இதே அளவுகோலைக் கோட்டைக்கு வைத்துப் பாருங்கள். மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்ட கோட்டை இது. பட்ட அடிக்காகத்தான் அதற்கு மதிப்பு. அடிபடாத மதில் வேண்டும் என்று எந்த வரலாற்றுக்காரரும் கேட்டதில்லை.

தெளிவாகக் கேட்க நல்ல பிரதி வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஒரு நல்ல பிரதியை எண்ம வடிவில் பதிந்து எல்லாருக்கும் கொடுத்தால் அந்தத் தேவை தீர்ந்தது. பிறகு அதே பாட்டின் முதல் அச்சை மூன்றாம் முறை வாங்குவது எந்தக் காதுக்காக? எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்.பி.களைப் பிரிக்காமலே கைமாற்றுகிறவர்கள் இசையைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. 1970களில் பர்மிங்காமின் ஸ்டீல் பல்ஸ், லண்டன் சவுத்ஹாலின் மிஸ்டி இன் ரூட்ஸ் போன்ற ரெகே குழுக்களின் பாட்டு வளர்ந்த உலகம், கறுப்பினக் குடியேறிகள் பெரிய பெரிய ஸ்பீக்கர்களைச் சுற்றிக் கூடிய சவுண்டு சிஸ்டம் இரவுகளின் உலகம். நம் ரேடியோ செட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மரபு பிறந்த ஜமைக்காவில் சவுண்டு சிஸ்டம் நடத்திய காக்ஸன் டாட் போன்றவர்கள், போட்டிக்காரருக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாதென்று லேபிளையே சுரண்டி எறிந்தார்கள். அங்கே பாட்டுதான் சொத்து. இன்று அதே வகைச் சிங்கிளை வாங்குகிறவர் லேபிளின் நிறத்தையும், ஓரத்தில் பொறித்த அச்சு எண்ணையும் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். ஆடித் தேய்ந்த தட்டு அங்கேயும் தள்ளுபடிப் பெட்டியில்தான் கிடக்கிறது.

கேட்டவர்களின் தடத்தைக் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் காப்பதை நகை சேர்ப்பது என்று சொன்னால் எனக்குச் சண்டையில்லை. வரலாறு என்று சொன்னால் உண்டு. செட்டு வைத்திருந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. பெண் அழைப்புக்கு முதலில் எந்தப் பாட்டு, எந்த ஊரில் எதைப் போட்டால் தகராறு வரும், கூத்து தொடங்கும் நேரத்தில் செட்டை யார் வந்து நிறுத்தச் சொல்வார்கள் என்பதெல்லாம் அவர்களைக் கேட்டால்தான் தெரியும். தட்டு வாங்கக் காரில் வந்து இறங்குகிறவர் அவர்களிடம் கேட்பது இரண்டே கேள்விதான்: உறை இருக்கிறதா, கீறல் விழுந்திருக்கிறதா.