செயப்பாட்டுவினையும் கமக்காரரும்: தொழினுட்ப மாநாட்டுக் கட்டுரை பற்றிய ஒரு நோக்கு

கவிதை, நாவல், சிறுகதை என்பனவற்றையே விமரிசனத்துக்குரிய வடிவங்களாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நிலவுகின்றது. ஆயின், வன்னி இளைஞர் இன்று எழுதக் கற்கும் உரைநடை வடிவங்களுள் தொழினுட்ப மாநாட்டுக் கட்டுரையும் ஒன்றாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எனவே, இவ்வடிவத்தையும் அதன் சமுதாய அடிப்படையில் வைத்து நோக்குதல் அவசியமாகின்றது.

ஆய்வுச் சுருக்கம், பக்க வரையறை, பெயர் மறைத்த மதிப்பீடு, திருத்தம், பதிவுக் கட்டணம் என்னும் படிகளைக் கடந்தே கட்டுரை அரங்கேறுகின்றது. அறிமுகம், முறை, பெறுபேறு, கலந்துரையாடல் என்ற அதன் பகுப்பு என்றுமுள்ளதன்று. 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 17ஆம் நூற்றாண்டில் றொபேட் பொயில் தம் பரிசோதனைகளைத் தன்மையிடத்தில் நின்று விரிவாக விவரித்தார். எனினும், கருவிகளை இயக்கிய உதவியாளர் அவ்வெழுத்திலும் பெரும்பாலும் பெயரற்றவராகவே இருந்தனர். உழைப்பை மறைத்தல் இவ்வடிவத்தின் பழைய குணம் என்பது இதனாற் புலனாகும்.

இன்றைய கட்டுரையில் அம்மறைப்பைச் செயப்பாட்டுவினை நிறைவேற்றுகின்றது. கனகராயன் ஆற்றை மறித்தமைந்த இரணைமடுக் குளம் பற்றி ஒருவர் எழுதுகின்றார் எனக் கொள்வோம். ‘நீர்மட்டம் அளக்கப்பட்டது’, ‘தரவுகள் திரட்டப்பட்டன’ என்பார். அளந்தவர் யார்? தகவல் தந்தவர் யார்? வினைமுதல் மறையும்போது உற்பத்தி உறவுகளும் உடன் மறைகின்றன. சிறுபோகத்தில் குறைந்த நீரைப் பங்கிடும்போது காணியுடையவருக்கும் குத்தகைக்குச் செய்பவருக்கும் கூலியாளருக்கும் நலன்கள் ஒன்றல்ல. கட்டுரையிலோ அது ‘நீர்க் கிடைப்பனவு’ என்னும் ஓர் எண்ணாகச் சுருங்குகின்றது.

மொழி இப்பிரிவை மேலும் ஆழமாக்குகின்றது. 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். இன்று உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிற் பயிலும் மாணவர், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். துருசு, வான், காலபோகம் ஆகிய சொற்களோடு வளர்ந்தவர், அவற்றை விட்டுவிட்டே தம் ஊர்க் குளத்தைப் பற்றி எழுத நேர்கின்றது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வீடும் பயிரும் இழந்த மக்கள், அவ்வெள்ளம் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வை வாசித்து மறுக்கும் வாய்ப்பைப் பெறுவதில்லை.

இதனால் ஆய்வுமுறையையே நிராகரித்தல் வேண்டும் என்பது நமது கருத்தன்று. கமக்காரரின் அனுபவ அறிவு முழுவதும் சரியானது எனக் கொள்வதும் ஒருவகைக் கற்பனாவாதமே. எவரும் சோதித்துப் பார்க்கத்தக்கதாக முறையை வெளிப்படையாகக் கூறல், அதிகாரத்தின் பெயரால் உண்மையை நிறுவும் வழக்கத்துக்கு எதிரான முற்போக்கான சாதனையாகும். பெயர் மறைத்த மதிப்பீட்டின் நோக்கமும் அத்தகையதே. வெளிப்படைத்தன்மை பாதிவழியில் நின்றுவிடுகின்றது என்பதே நமது விமரிசனம்.

ஆதலால், நமது பல்கலைக்கழகங்களில் நடைபெறும் மாநாடுகளேனும் ஒவ்வொரு கட்டுரையோடும் விரிவான தமிழ்ச் சுருக்கத்தைக் கோருதல் வேண்டும். தரவு திரட்டியோரின் பங்கு, அவர்தம் இசைவுடன், முறை பற்றிய பகுதியிற் குறிக்கப்பட வேண்டும். கட்டுரை சமர்ப்பிக்கப்படுமுன் அதன் முடிவுகள் குளத்தை நம்பி வாழ்வோர் முன் வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் எழுப்பும் மறுப்புகளும் மதிப்பீட்டாளரின் திருத்தங்களைப் போன்றே கட்டுரையில் இடம்பெறல் வேண்டும்.