தன்னையே மடிக்கும் புரதம்

ஈஸ்ட் சுவாசமின்றியும் பிழைக்கும். குளுக்கோஸ் கிடைத்தால் போதும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதும் போய்விட்டாலும் தட்டில் சிறு சிறு கூட்டங்களாக வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட உயிரில், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் ஒரு புரதத்தின் மரபணுவை நீக்கியதும் செல் இறக்கிறதென்றால், அந்தப் புரதத்தின் பொறுப்பு சுவாசத்தைவிடப் பெரியது. எச்எஸ்பி 60 அத்தகையது. 12ஆம் குரோமோசோமின் மரபணுவிலிருந்து 572 அமினோ அமிலச் சங்கிலியாக உருவாகி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியான மேட்ரிக்ஸை அடைந்து, அங்கே வந்து சேரும் மற்றச் சங்கிலிகள் உருவம் பெறத் துணைநிற்கிறது. மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் ஏடிபி சின்தேஸுக்குத்தான் ரசிகர் கூட்டம் அதிகம். சுழலும் தண்டு எவர் கண்ணையும் கவரும். வாசல் காக்கும் டாம், டிம் தொகுதிகளுக்கும் தனி அணி உண்டு. ஆனால் அந்த ஏடிபி சின்தேஸின் பீட்டா அலகு உள்ளே வந்தபின் தன் இடத்தில் பொருந்த எச்எஸ்பி 60 தேவை. டாம், டிம் வாசல்களைத் தாண்டி மேட்ரிக்ஸுக்கு வரும் சங்கிலிகள் பலவற்றுக்கும் அதன் கை படாமல் வேலை தொடங்குவதில்லை.

வாசலைத் தாண்டும்போது புரதம் விரிந்த நிலையில்தான் இருக்க வேண்டும் என்பதை 1986இல் பாசல் நகரின் உயிரிமையத்தில் மார்ட்டின் ஐலர்ஸும் காட்ஃபிரிட் ஷாட்ஸும் காட்டினர். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் முன்னால் மைட்டோகாண்ட்ரியாவுக்கான முகவரித் தொடரை ஒட்டிவிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்து அந்த நொதியை மடிந்த நிலையிலேயே இறுக்கியதும் அது உள்ளே போக மறுத்தது. விரிந்து நுழைவது உள்ளே எப்படி மடிகிறது என்ற கேள்வி உடனே எழுந்திருக்க வேண்டும். பெரிதாக எழவில்லை. வரிசையில் உள்ள அமினோ அமிலங்களே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்று ரைபோநியூக்ளியேஸில் காட்டி 1972இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியன் ஆன்ஃபின்சனின் முடிவு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. சோதனைக் குழாயில் தானாக மடிவது செல்லுக்குள்ளும் தானாகவே மடியும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தது யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்விச்சின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு தேடல். அதன் வடிவமைப்பு நின்று ரசிக்கத்தக்கது. ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமைலேஸ் என்ற நொதி மனிதரில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. ஈஸ்டிலோ அதே நொதி வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. மனித நொதியின் மரபணுவை ஈஸ்டில் வைத்தபோது அது மனித முகவரியைப் பின்பற்றி ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனது. முகவரித் தொடர் வெட்டப்பட்டது, மூன்று மூன்றாகச் சேர்ந்து செயல்படவும் தொடங்கியது. இந்த நொதியின் செயலை அளவுகோலாக வைத்து, சூட்டில் செயலிழக்கும் ஈஸ்ட் மாற்றுருக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். உள்ளே நுழைய முடியாத மாற்றுருக்களைப் பிடிப்பதே நோக்கம். ஆனால் மிஃப் 4 என்ற மாற்றுரு வேறொன்றைக் காட்டியது. 37 டிகிரியில் அதன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நொதி ஒழுங்காக நுழைந்தது. முகவரித் தொடரும் சரியாக வெட்டப்பட்டது. செயல் மட்டும் இல்லை. உள்ளே வந்துவிட்டது, ஆனால் உருவம் பெறவில்லை. அரைகுறை ரசிகர் இதைத் தவறிய சோதனை என்று ஒதுக்கியிருப்பார். ஹார்விச்சின் குழு ஒதுக்கவில்லை.

மியூனிக்கில் வால்டர் நாய்பர்ட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்த உல்ரிச் ஹார்ட்லுடன் சேர்ந்து 1989இல் நேச்சர் இதழில் அவர்கள் அதை வெளியிட்டார்கள். மிஃப் 4இல் பழுதாகியிருந்தது எச்எஸ்பி 60 மரபணு. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாக்டீரியாவின் குரோ-ஈஎல் புரதமும், பசுங்கணிகத்தில் ரூபிஸ்கோ நொதியுடன் ஒட்டியிருக்கும் புரதமும் ஒரே குடும்பம் என்று தெரியவந்திருந்தது. ஈஸ்டின் எச்எஸ்பி 60 அக்குடும்பத்தின் மூன்றாம் கிளையாக வந்து நின்றது. 1989இலேயே வந்த இன்னொரு கட்டுரையில், நியூரோஸ்போரா பூஞ்சையின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்த டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ், ஏடிபி இல்லாதபோது எச்எஸ்பி 60இன் மேல் விரிந்தபடியே ஒட்டிக்கிடந்ததும், ஏடிபி கொடுத்தவுடன் மடிந்ததும் பதிவாகின.

இவை எல்லாவற்றையும்விட மேலான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. பாடநூல்கள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எச்எஸ்பி 60 தனி அலகாகப் பயனற்றது; பதினான்கு அலகுகள் கூடிய தொகுதியாகத்தான் அது உழைக்கிறது. அந்த அலகுகளும் மற்றப் புரதங்களைப் போலவே வெளியே உருவாகி, விரிந்து உள்ளே நுழைகின்றன. அப்படியானால் மற்றவற்றை மடிக்கும் இதை மடிப்பது யார்? 1990இல் ஹார்விச்சின் ஆய்வுக்கூடத்திலிருந்த செங், ஹார்ட்ல், ஹார்விச் மூவரும் மிஃப் 4 செல்லுக்குள் பழுதில்லாத எச்எஸ்பி 60 மரபணு ஒன்றை, வேண்டும்போது இயக்கும்படி வைத்தார்கள். சூடேற்றுவதற்கு முன் அதை இயக்கினால் நல்ல தொகுதி உருவாகி, செல் 37 டிகிரியிலும் பிழைத்தது. சூடேற்றிய பின் இயக்கினால், அதே நல்ல அலகுகள் உள்ளே நுழைந்தன, வெட்டப்பட்டன, ஆனால் கூடவில்லை. வரிசையில் பிழை எதுவும் இல்லை. முன்பே வேலை செய்துகொண்டிருக்கும் எச்எஸ்பி 60 அங்கே இல்லை, அவ்வளவுதான். உறை மோர் இல்லாமல் பால் தயிராவதில்லை.

இரண்டே நிலைகள், அவற்றுக்கிடையே நேரத்தின் முன்பின் மட்டுமே வேறுபாடு. இதைவிடச் சிக்கனமான சோதனையை அந்தத் துறையில் காட்டுவது கடினம். இதன் பொருளோ மிகப் பெரியது. மொட்டு விடும் ஈஸ்ட் தன் மகள் செல்லுக்கு டிஎன்ஏவை மட்டும் கொடுத்தால் போதாது. மைட்டோகாண்ட்ரியாவோடு, வேலை செய்யும் எச்எஸ்பி 60 தொகுதிகளையும் கொடுத்தாக வேண்டும். மரபணுவிலிருந்து மட்டும் அதைப் புதிதாகத் தொடங்க முடியாது. அதே ஆண்டு பாக்டீரியாவின் குரோ-ஈஎல் அலகுகள் ஏடிபி துணையுடன் சோதனைக் குழாயில் மீண்டும் கூடுவதும் காட்டப்பட்டது. அதைக் கொண்டு ஈஸ்ட் சோதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. குழாயில் நடக்கக்கூடியதற்கும் உயிருள்ள செல்லில் உண்மையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியைத்தான் மிஃப் 4 முதலிலிருந்தே காட்டிவருகிறது.

வடிவ ரசிகர்களின் கட்சி வேறு. 1994இலும் 1997இலும் யேலில் பால் சிக்லரின் குழுவோடு சேர்ந்து ஹார்விச் வெளியிட்ட குரோ-ஈஎல் படிகப் படங்களே அவர்களுக்கு உச்சம்: ஏழு அலகுகள் கொண்ட இரு வளையங்கள், மேலே குரோ-ஈஎஸ் என்னும் மூடி, உள்ளே ஒரு சங்கிலி தனித்து மடிய இடம். ஈஸ்டில் அந்த மூடியின் வேலையை எச்எஸ்பி 10 செய்கிறது, அதுவும் இன்றியமையாதது. படங்கள் அழகானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அறை வெறும் தனிமையைத் தருகிறதா, மடிப்பை முடுக்கவும் செய்கிறதா என்பதைப் படம் சொல்லவில்லை. அதில் ஹார்விச்சும் ஹார்ட்லும் பிற்காலத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். 2011இல் இருவரும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். கருத்து வேறுபாடு அதனால் தீர்ந்துவிடவில்லை.

எச்எஸ்பி 60 எல்லாவற்றையும் மடிக்கிறது என்ற மிகையைத் திருத்தியது பாசல்தான். 1996இல் சபீன் ரோஸ்பர்ட்டும் ஷாட்ஸ் குழுவினரும் நான்கு புரதங்களைச் செயலிழந்த எச்எஸ்பி 60 உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பினார்கள். ரோடனேஸ் மட்டும் தடுமாறியது. சைக்ளோஃபிலினும் பார்னேஸும், நியூரோஸ்போராவில் ஒட்டிக்கிடந்த அதே டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸும் துணையின்றி மடிந்தன. உண்மையான ரசிகருக்கு இது ஏமாற்றம் தராது. எந்தப் புரதத்துக்கு எவ்வளவு உதவி தேவை என்று தனித்தனியாகக் கேட்ட கட்டுரை அது. இன்று ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களை அள்ளிப் போட்டு, வண்ணக் கட்டங்களாக அடுக்கி, யார் யாருடன் ஒட்டுகிறார்கள் என்று பட்டியலிடும் கட்டுரைகள் குவிகின்றன. ஒட்டுவது வேறு, உதவி தேவைப்படுவது வேறு. அந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் நான்கு புரதச் சோதனைக்கு இப்போது இடம் கிடைப்பது அரிது. முன்பின் என்ற ஒரே வேறுபாட்டில் கேள்வியை முடித்துவிடும் துணிவும் அருகிவிட்டது.

மடிப்புக்கு வெளியேயும் இந்தப் புரதம் தென்படுகிறது. ரொனால்டு பட்டோவின் குழு ஈஸ்டின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ முடிச்சுகளில் எச்எஸ்பி 60 இருப்பதையும், அது ஒற்றை இழை டிஎன்ஏவைப் பற்றுவதையும் கண்டது. மனிதரில் இதன் இணை மரபணுவான எச்எஸ்பிடி 1இல், 98ஆம் இடத்து வாலின் ஐசோலூசினாக மாறினால் கால்கள் விறைத்து வலுவிழக்கும் பரம்பரை நோய் வருகிறது என்பது 2002இல் தெரியவந்தது.