வாங்கிய இருக்கையும் கட்டிய கலமும்

1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11 கலத்தில் ராகேஷ் சர்மா புவியைச் சுற்றினார். அடுத்த இந்தியர் புவியைச் சுற்ற 41 ஆண்டுகள் ஆயின. 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா புறப்பட்டு, பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15இல் திரும்பினார். முதல் பயணம் சோவியத் கலத்தில் நடந்தது. இரண்டாவது ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் கலத்தில். இரண்டாவதற்கு நாம் ஏறத்தாழ 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் வந்தன. இந்தக் கூட்டுறவால் நமக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மூன்று கேள்விகளை வைத்து எடைபோடலாம். முடிவெடுத்தது யார்? பயணம் முடிந்தபின் நம்மிடம் தங்கிய அறிவு எவ்வளவு? கூட்டாளி கைவிட்டால் வேலை தொடருமா? கோவைப் பட்டறைக்காரர்களுக்கு இவை பழகிய கேள்விகள். அடுத்தவர் வரைபடத்துக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையிலும், சொந்தப் பெயரில் பம்ப்செட் போடும் பட்டறையிலும் ஓடுவது ஒரே லேத்தாக இருக்கலாம். ஆர்டர் நின்றுபோகும் மாதத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

ராகேஷ் சர்மாவின் பயணம் நாட்டுக்குப் பெருமை சேர்த்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கலம், நிலையம், கால அட்டவணை எல்லாமே சோவியத் ஒன்றியத்துடையவை. மனிதரை நாமே அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2018 டிசம்பரில். இடைப்பட்ட 34 ஆண்டுகளே அந்தப் பயணத்தின் குறையைக் காட்டிவிடுகின்றன: பெருமை தங்கியது, தொழில் தங்கவில்லை.

மூன்றாவது கேள்வியின் கடுமையை 1993 காட்டியது. கிரயோஜெனிக் எஞ்சினையும் அதன் தொழில்நுட்பத்தையும் தருவதாக 1991இல் ஒப்பந்தம் போட்ட ரஷ்யத் தரப்பு, அமெரிக்க அழுத்தத்தால் தொழில்நுட்பத்தை மட்டும் நிறுத்திக்கொண்டது. ஆயத்தமான எஞ்சின்கள் வந்தன, செய்முறை வரவில்லை. சொந்த கிரயோஜெனிக் எஞ்சினுடன் ஜிஎஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. பிறர் வாக்கை நம்பித் திட்டமிட்டதற்கு நாம் கொடுத்த விலை இருபது ஆண்டுகள்.

இதற்கு நேர்மாறான கூட்டுறவை நடத்திக்காட்டிய திட்டம் கொங்கு மண்ணின் மைந்தர் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்த மயில்சாமி அண்ணாதுரைதான் சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர். 2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய அந்தக் கலத்தில் 11 கருவிகள்; அவற்றில் ஐந்து நம்முடையவை, ஆறு அமெரிக்கா, ஐரோப்பா, பல்கேரியாவிலிருந்து வந்தவை. கலமும் ராக்கெட்டும் பயணத் திட்டமும் நம் கையில் இருந்தன. நாசா தந்த எம்3 கருவி நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயத்தைக் கண்டது.

‘கண்டுபிடிப்பின் புகழ் நாசாவுக்குத்தானே போயிற்று’ என்பது வலுவான மறுப்பு. ஆனால் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் எம்3 குழுவின் கார்லே பீட்டர்சுடன் நம் ஜே.என். கோஸ்வாமியும் அண்ணாதுரையும் இருக்கிறார்கள். நிலவில் மோதி இறங்கிய நம் ஆய்வியிலிருந்த சேஸ் கருவியும் 2008 நவம்பர் 14 அன்றே நீராவியின் அடையாளத்தைப் பதிவு செய்திருந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2010இல். புகழ் நழுவியதற்குக் கூட்டுறவைப் பழிக்க முடியாது. முடிவை எழுதி வெளியிடுவதில் நாம் பின்தங்கினோம்.

சொந்தக் கை என்றால் என்ன என்பதை நாமக்கல் மாவட்டம் இன்னும் கண்கூடாகக் காட்டுகிறது. பின்வந்த சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து தருவித்தால் செலவு தாங்காது. சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் வெளிர்நிற அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் அதை அடையாளம் கண்டு உதவ, பாறை பொடியாக்கப்பட்டு பெங்களூருச் சோதனைக் கூடத்துக்குப் போனது. யாரும் தடுத்து நிறுத்த முடியாத கையிருப்பு அது.

இனி ஆக்சியம்-4. கலம் ஸ்பேஸ்எக்ஸ் உடையது, தளபதி பெக்கி விட்சன். சுக்லா கலத்தின் விமானி. முடிவெடுக்கும் இடத்தில் நாம் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏவுவதற்கு முன் ஃபால்கன்-9இல் திரவ ஆக்சிஜன் கசிந்தபோது, அதை முழுமையாகச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று இஸ்ரோ வலியுறுத்தியதாக அதன் தலைவர் வி. நாராயணன் பின்னர் கூறினார். அவர் கிரயோஜெனிக் எஞ்சினில் தோய்ந்த பொறியாளர். 1993இல் மறுக்கப்பட்ட தொழிலை நாமே கற்றதால்தான் 2025இல் அடுத்தவர் ராக்கெட்டைப் பற்றி நம்மால் வாதாட முடிந்தது. ஏழு இந்தியப் பரிசோதனைகளும் சுக்லாவின் நேரடி அனுபவமும் கூடுதல் வரவு.

ககன்யானுக்குத் தேவையான உயிர்காப்பு அமைப்பில்தான் கணக்கு இடிக்கிறது. விண்கலத்துக்குள் காற்றையும் வெப்பத்தையும் ஈரத்தையும் காக்கும் அந்தத் தொழில்நுட்பத்தைத் தர எந்த நாடும் முன்வரவில்லை என்று 2023 டிசம்பரில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் வெளிப்படையாகச் சொன்னார். இருக்கை விலைக்குக் கிடைக்கும், அந்த அறிவு கிடைக்காது.

அதற்காக எல்லாவற்றையும் தனியாகவே செய்வோம் என்பதும் சரியல்ல. ககன்யானுக்குத் தேர்வான நம் நான்கு வீரர்களும் 2020–21இல் ரஷ்யாவின் ககாரின் மையத்தில் பயின்றார்கள். நம் விண்வெளி மருத்துவர்களின் பயிற்சிக்குப் பிரான்ஸ் கைகொடுத்தது. தவறினால் உயிர் போகும் வேலையில் பிறர் அனுபவத்தை மறுப்பது வீண் வீம்பு.

என் தீர்ப்பு இது. ஆக்சியம்-4 ஒரு முறைக்குத் தகுந்த செலவு. அதை வழக்கமாக்கக் கூடாது. சந்திரயான்-1 முறையே உயர்ந்தது என்பதற்கு நிசார் புதிய சான்று. நாசாவும் இஸ்ரோவும் ஆளுக்கொரு ரேடாரைத் தந்து உருவாக்கிய அந்தச் செயற்கைக்கோளை, 2025 ஜூலை 30 அன்று ஏற்றிச் சென்றது நம் கிரயோஜெனிக் எஞ்சின் பொருத்திய ஜிஎஸ்எல்வி. அன்று தொழில்நுட்பம் தராதே என்றவர்கள் இன்று தம் கருவியை அதே தொழிலிடம் ஒப்படைத்தார்கள்.

ஆகவே இன்னோர் இருக்கை வாங்கும் முன், முதல் இருக்கையால் ககன்யானில் எது மாறியது என்பதை இஸ்ரோ மக்கள் முன் வைக்க வேண்டும். உயிர்காப்பு அமைப்புக்குப் பணமும் ஆளும் முதலில் போக வேண்டும். 2035இல் அமைக்க எண்ணும் பாரதிய விண்வெளி நிலையத்தில் அயல்நாட்டுக் கருவிகளுக்கும் வீரர்களுக்கும் இப்போதே இடம் ஒதுக்கி அழைப்பு அனுப்ப வேண்டும். நம்மிடம் தருவதற்கு ஏதாவது இருந்தால்தான் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பேச முடியும்.