நிரலுக்குப் பக்கத்தில் ஆவணம்

திறமூல மென்பொருள்களின் ஆவணங்களைப் பற்றிக் குறை சொல்லாத நிரலாளரைப் பார்ப்பது அரிது. 2017இல் கிட்ஹப் நடத்திய கருத்தாய்வில் 93 விழுக்காட்டினர், ஆவணங்கள் அரைகுறையாகவோ காலாவதியாகவோ இருப்பதைச் சிக்கலாகக் குறிப்பிட்டார்கள். அதே ஆய்வில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர், ஆவணங்களில் தாங்கள் கைவைப்பது அபூர்வம் அல்லது கைவைப்பதே இல்லை என்றார்கள். எல்லோரும் தேடுகிற, ஆனால் எழுத ஆளில்லாத இந்தப் பண்டத்துக்காகக் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒரு நடைமுறை வேரூன்றியிருக்கிறது. ஆவணத்தையும் நிரலைப் போலவே நடத்துவது என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். ஆவணம் நிரல் இருக்கும் அதே ரெப்போவில் எளிய உரைக்கோப்பாக இருக்கும். நிரலோடு ஒரே கமிட்டில் மாறும், அதே ரிவ்யூவைக் கடக்கும், அதே தானியங்கிச் சோதனைகளுக்கு உட்படும். திறமூல ஆவணங்களுக்கு நேர்ந்த மிக நல்ல விஷயம் இதுதான் என்பது என் கருத்து. இதனாலேயே, இது செய்கிற கெடுதல் யார் கண்ணிலும் படுவதில்லை.

பைத்தான் மொழியின் ஆவணங்கள் முன்பு லேட்டெக்கில் எழுதப்பட்டன. லேட்டெக் அறிந்தவர்களே அவற்றைத் துணிந்து தொட்டார்கள். அந்த நிலையை மாற்ற கியோர்க் பிராண்டல் ஸ்பிங்ஸ் என்ற கருவியை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். 2010இல், 48 மணி நேர நிரலாக்கப் போட்டி ஒன்றில் ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளச் சேவை பிறந்தது. ரெப்போவில் கமிட் விழுந்ததும் ஆவணத் தளம் தானே புதுப்பித்துக்கொள்ளும். பழைய பதிப்புகளின் ஆவணங்களும் அழியாமல் நிற்கும். 2016இல் லினக்ஸ் கெர்னலும் தன் ஆவணங்களை ஸ்பிங்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. பதிப்புவாரியாக ஆவணம் கிடைப்பதை இன்று நாம் பெரிதாக நினைப்பதில்லை. பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பதிப்பின் உண்மையே கிடைக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல.

இந்த நடைமுறையின் பலத்தைப் பைத்தானின் வலைச்சட்டகமான ஜாங்கோவில் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே புதிய வசதியோடு வரும் பேட்ச், சோதனையும் ஆவணமும் இல்லாமல் உள்ளே போகாது. எந்தப் பதிப்பில் அந்த வசதி வந்தது என்ற குறிப்பும் வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரியும் வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. ஒரு செயற்கூறு ஏன் அப்படி நடந்துகொள்கிறது, எந்த இடத்தில் வழுக்கும் என்பதெல்லாம் அதை எழுதி முடித்த அன்று எழுதியவர் மனத்தில் முழுமையாக இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவரே நிரலைத் திறந்து படித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆவணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட திட்டங்களில் அந்தப் 'பிறகு' வந்து நான் பார்த்ததில்லை.

ஆவணம் எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு, அதை நான் கூடுதலாக மதிக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது வடிவமைப்பின் ஓட்டைகள் தெரியவரும். லினக்ஸின் ரெசிவ்எம்எம்எஸ்ஜி என்ற சிஸ்டம் காலை எடுத்துக்கொள்ளுங்கள். பல தரவுப் பொதிகளை ஒரே அழைப்பில் பெற்றுத் தருவது அதன் வேலை. இவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும் என்று ஒரு கெடுவும் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொதியும் வந்து சேர்ந்த பிறகுதான் கெடு சரிபார்க்கப்படுகிறது. அடுத்த பொதி வராமலே போனால் அழைப்பு முடிவில்லாமல் காத்துக்கிடக்கும். கெடு நினைத்தபடி வேலை செய்வதில்லை என்று இதன் கையேட்டுப் பக்கமான மேன் பக்கத்திலேயே 'பிழைகள்' பகுதியில் எழுதியிருக்கிறது. 1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் கொண்டுவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இந்தப் பகுதி இருந்தது. தன் குறையைத் தானே பதிவு செய்யும் இந்த நேர்மையை விற்பனைக்கு வரும் மென்பொருள்களின் கையேடுகளில் நான் அதிகம் கண்டதில்லை.

சோதனைகளும் இந்த நடைமுறைக்குப் பக்கபலம். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கும் டாக்டெஸ்ட் 2001இலேயே பைத்தானில் வந்துவிட்டது. ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்புக்குள் எழுதும் எடுத்துக்காட்டு, மற்றச் சோதனைகளோடு தானாகவே ஓடும். கர்ல் திட்டம் தன் நூலகப் பக்கங்களிலிருந்து எடுத்துக்காட்டுகளைப் பிரித்தெடுத்துக் கம்பைல் செய்து பார்க்கிறது. நகலெடுத்து ஒட்டினால் ஓடாத எடுத்துக்காட்டு வாசகரின் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும் என்பதால் இது சின்ன உதவியல்ல. ஆனாலும், எடுத்துக்காட்டு ஓடுகிறது என்பதை மட்டுமே சோதனை சொல்லும். அது எதையாவது விளங்கவைக்கிறதா என்பதைச் சொல்ல எந்தச் சோதனையாலும் முடியாது.

என் முக்கியமான குறை இங்கேதான் தொடங்குகிறது. இந்த நடைமுறையில் ஆவணம் பேட்ச் பேட்ச்சாக வளர்கிறது. ரிவ்யூ செய்பவர் முன்னால் இருப்பது பச்சையில் சேர்ந்த பத்து வரி, சிவப்பில் நீங்கிய இரண்டு வரி. அந்தப் பத்து வரியும் சரிதான், சேர்த்துவிடுகிறார். முழுப் பக்கத்தையும் யாரும் படிப்பதில்லை. இப்படி ஐந்து ஆண்டு ஓடிய பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் பத்திக்குக் கீழே ஒரு எச்சரிக்கைப் பெட்டி, அதற்குக் கீழே ஒரு குறிப்பு, விண்டோஸுக்கான விதிவிலக்கு ஒன்று, வேறொரு செயற்கூறு வந்துவிட்டதால் இதைத் தவிர்க்கலாம் என்று நடுவில் ஒரு வரி. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை, ஒவ்வொன்றையும் ஒருவர் பொறுப்போடு சேர்த்திருக்கிறார். ஆனால் படிக்க வந்தவருக்கு எதை முதலில் பிடிப்பது என்றே தெரியாது. சேர்ப்பதற்குக் காரணம் கேட்பார் இல்லை, நீக்குவதற்கு மட்டும் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதனால் நீக்குவது யாருடைய வேலையாகவும் ஆவதில்லை. ஜாங்கோ இதில் ஓரளவு விதிவிலக்கு: பழைய பதிப்புகளைப் பற்றிய 'இந்தப் பதிப்பில் வந்தது' குறிப்புகளை அங்கே அவ்வப்போது மொத்தமாகக் களைகிறார்கள். அதுவும் இயந்திரத்தனமாகக் கண்டுபிடிக்கக்கூடிய களை. தேவையற்றுப்போன ஒரு விளக்கப் பத்தியை அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை.

டானியேல் ப்ரோசிதா வகுத்த டியாடாக்ஸிஸ் முறை, ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு காரியத்தை முடிக்க உதவும் செய்முறை, விவரம் தேடுவதற்கான உசாத்துணை, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். ஜாங்கோவின் ஆவண முகப்பிலும் ஏறக்குறைய இதே பிரிவுகள் இருக்கின்றன. இப்போது பேட்ச் வழி வளர்ச்சியை இதோடு பொருத்திப் பாருங்கள். செயற்கூறின் அளவுரு மாறினால் உசாத்துணையைத் தொட்டே ஆக வேண்டும், விட்டால் ரிவ்யூவில் பிடிபடும். அளவுரு மாறியதால் விளக்கக் கட்டுரையின் வாதம் பலவீனமாகிவிட்டது என்று எந்தச் சோதனையும் சிவப்பு விளக்கைக் காட்டாது. பாடத்தின் மூன்றாம் பகுதி இன்றைய பழக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று எந்த பேட்ச்சும் அறிவிக்காது. அதனால் உசாத்துணை மட்டும் கொழுத்து, மற்ற மூன்றும் மெலிகின்றன. நான்கு அலமாரிகளைக் கட்டி வைப்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் நிரல் மாற்றம் என்னும் ஓடை ஓர் அலமாரியை நோக்கியே ஓடுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரலிலிருந்தே ஆவணம் எழுதவைக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. அதுவும் ஏற்கெனவே நிரம்பி வழியும் அதே அலமாரியைத்தான் நிரப்பும். ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எந்த மாற்று வழி ஏன் கைவிடப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் நிரலில் எழுதப்பட்டிருப்பதில்லை.

ஆவணத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பது, நேற்று அதைப் படித்துத் தடுமாறியவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரோ ரெப்போவை ஃபோர்க் செய்து, கிளை பிரித்து, ஸ்பிங்ஸை நிறுவி, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ரிவ்யூவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த கிட்ஹப்பின் பென்சில் குறியே போதும்தான். 'இந்தப் பகுதியின் வரிசையே தவறு' என்று சொல்லப் போதாது. ஆர்ச் லினக்ஸ் விநியோகத்தின் ஆர்ச் விக்கி இந்த இடத்தில் முந்துகிறது. சிக்கலைத் தீர்த்தவர், தீர்த்த சூட்டோடு அதில் எழுதிவிடலாம், அதனாலேயே வேறு லினக்ஸ் விநியோகங்களைப் பயன்படுத்துபவர்களும் அங்கே போய்ப் படிக்கிறார்கள். கதவைத் திறந்து வைப்பதே போதும் என்று இதற்குப் பொருளில்லை. பிஎச்பி கையேட்டின் பக்கங்களுக்கு அடியில் பயனர்கள் குறிப்பெழுத இடமுண்டு. அங்கே அருமையான தெளிவுகளோடு, இன்று யாரும் பின்பற்றக் கூடாத பழைய ஆலோசனைகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆர்ச் விக்கியைக் காப்பாற்றுவது கடுமையான நடைவிதிகளும் அவற்றை அமல்படுத்தும் பராமரிப்பாளர்களும்தான்.

கருவியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பதற்கு ஜாங்கோ கேர்ள்ஸ் பாடம் ஒரு சான்று. 2014இல் பெர்லினில் நடந்த பயிலரங்கிலிருந்து வளர்ந்த பாடம் அது. ஜாங்கோவின் அதிகாரப்பூர்வப் பாடம் பைத்தான் தெரிந்தவரை மனத்தில் வைத்து, ஒரு கருத்துக்கணிப்புச் செயலியைக் கட்டிக்காட்டுகிறது. இதுவோ இணையம் எப்படி இயங்குகிறது, கட்டளை வரி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறது. இதுவும் கிட்ஹப்பில்தான் வாழ்கிறது, பேட்ச் வழியாகத்தான் வளர்கிறது. வேறுபாடு எழுதியவர்களின் பார்வையில் இருக்கிறது: முதன்முறையாக நிரலெழுத உட்கார்ந்த ஒருவர் அவர்கள் எதிரே இருந்தார்.

லினக்ஸ் மேன் பக்கங்களின் கதை என் வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. அவை கெர்னலின் ரெப்போவில் இல்லை, தனித் திட்டம். நிரலோடு ஒட்டியிருக்கும் ஆவணமே உயிரோடிருக்கும் என்ற கோட்பாட்டின்படி அவை எப்போதோ காலாவதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 2004இல் மைக்கேல் கெரிஸ்க் பொறுப்பேற்று, ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் முழுத் தொகுப்பையும் ஒரே ஆசிரியரின் கண்ணால் பார்த்தார். சிஸ்டம் கால்களுக்குச் சோதனை நிரல் எழுதி ஓட்டிப் பார்த்து, கெர்னல் உருவாக்குநர்கள் சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள இடைவெளிகளை வெளிக்கொணர்ந்தார். ஆனால் ஒரே ஆளை நம்பினால் என்னவாகும் என்பதற்கும் இதே திட்டம் சான்று. அவருக்குப் பின் பராமரித்துவரும் அலெஹான்ட்ரோ கொலோமார், நிதி ஆதரவு இல்லாததால் பணியை நிறுத்திவைப்பதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார். சில நிறுவனங்கள் முன்வந்த பிறகே வேலை தொடர்ந்தது. உலகின் வழங்கிகளில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. அதன் அடிப்படைக் கையேட்டுக்கு ஒருவருடைய சம்பளத்தைத் திரட்ட இவ்வளவு பாடு. கூகுள் 2019இல் தொடங்கிய சீசன் ஆஃப் டாக்ஸ், ஆவண எழுத்தாளர்களுக்குப் பணம் கிடைக்க வழிசெய்தது. ஆனால் காலவரையறை உள்ள திட்டத்தில் புதிய பக்கம் எழுதுவது எளிது. பராமரிப்புக்கு ஏது முடிவுத் தேதி?

மொழிபெயர்ப்பிலும் இதே பேட்ச் பார்வை புகுந்துகொள்கிறது. ஸ்பிங்ஸ் மூல ஆவணத்தைப் பத்தி பத்தியாக வெட்டி மொழிபெயர்ப்பாளரிடம் தருகிறது. மூலத்தில் ஒரு பத்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். காலாவதியாகாமல் காக்கச் சிறந்த ஏற்பாடு. ஆனால் துண்டு துண்டாக மொழிபெயர்த்த பாடம், எந்த மொழியிலும் ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொல்வதுபோல் ஒலிப்பதில்லை. தமிழில் கணியம் வெளியிட்ட 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் வேறு வழியில் போனவை. மூலத்தின் பத்திகளைப் பின்தொடராமல், தமிழில் படிக்கும் மாணவருக்காக முதலிலிருந்தே எழுதப்பட்டவை. புதிய பதிப்புகள் வரும்போது அவை பின்தங்கிவிடும் ஆபத்து உண்டு. கற்கத் தொடங்குபவர் கையில் கொடுப்பதென்றால், அந்த ஆபத்தோடு சேர்த்து அவற்றையே கொடுப்பேன்.

பைத்தான் திட்டம் பெப் 732 என்ற முன்மொழிவின் வழியாக ஐந்து பேர் கொண்ட ஆவண ஆசிரியர் குழு ஒன்றை அமைத்திருக்கிறது. ஆவணங்களின் நடை, அமைப்பு, நீண்டகாலப் போக்கு ஆகியவற்றில் முடிவெடுப்பது அதன் பொறுப்பு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பொறுப்பாளர் இருந்த இடத்தில், முழுமைக்கும் பொறுப்பேற்க ஆட்களை நியமித்திருப்பதை மனமார வரவேற்கிறேன். இன்னொரு நடைவழிகாட்டியை எழுதுவதோடு அந்தக் குழு நின்றுவிடக் கூடாது. ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, இந்த மூன்று பத்திகளும் போகட்டும் என்று சொல்லும் அதிகாரம் அதற்கு வேண்டும். அவற்றை எழுதிய பங்களிப்பாளர் கேட்டால் காரணம் சொல்லும் பொறுமையும் வேண்டும். நீக்கிய வரிகளும் சேர்த்த வரிகளைப் போலவே பங்களிப்பாகக் கருதப்பட வேண்டும் என்று அந்த ஐவர் அறிவித்தால், மற்றத் திட்டங்களும் அதைப் பின்பற்றும் என்று நம்புகிறேன்.